பற்று நோட்டும் பொன்னாடையும்

(சமூகப் பணிகளுக்குக் கொடை அளித்த உள்ளூர்க் கடைக்காரர்களைப் பாராட்டித் திருச்சி பொன்மலையில் நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்று முதலில் பேச்சு அடிபட்டதாம். நல்லவேளை, விவரம் தெரிந்த யாரோ தடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பொன்மலையில் சந்தை. சந்தையை விட்டுவிட்டு என் பேச்சைக் கேட்க வருகிற வியாபாரி இருந்தால், அவரை நம்பி யாரும் சரக்குக் கொடுக்கக் கூடாது.

மேடை ஏறுமுன் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். பொன்னாடை பெறவிருக்கும் கடைகள். ஒரு கடை கோடை முழுக்கத் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோர் கொடுத்திருக்கிறது. ஒரு கடை, சாவு வீடுகளுக்கு வாடகை வாங்காமல் ஃப்ரீசர் பெட்டி அனுப்புகிறது. ஒருவர் நூலகத்துக்கு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். இன்னொருவர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டும் ஜியோமெட்ரி பாக்ஸும் கொடுத்திருக்கிறார். எல்லாம் நல்ல காரியம், பாராட்ட வேண்டியவர்கள்தான். எதைப் பாராட்டுவது, எப்படிப் பாராட்டுவது என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம் பக்கத்துக் கோயில்களில் ட்யூப்லைட் பார்த்திருப்பீர்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிவப்புப் பெயின்ட்டில் 'உபயம்' என்று தொடங்கி, கடைப் பெயர், தெருப் பெயர், 'அன் சன்ஸ்' வரைக்கும் எழுதியிருக்கும். நாற்பது வாட்ஸ் வெளிச்சத்தில் முப்பது அந்த எழுத்துக்கே போய்விடும். மிச்சம் பத்தில் நாம் சாமி கும்பிட்டுக்கொள்ள வேண்டும். இது பழைய கேலி. நானும் பல மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். கேலி செய்த நான் எந்தக் கோயிலுக்கும் ஒரு பல்புகூட வாங்கித் தந்தவன் இல்லை. பெயர் எழுதிக்கொண்டாலும் அந்த மனிதர் விளக்கு வாங்கி மாட்டினாரே!

கொடுத்தவர் பெயரைப் பொறிப்பது நமக்கு ஆயிரம் வருஷப் பழக்கம். ஆற்றைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அந்தக் கோயிலில் மட்டும் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை என்ன சொல்கின்றன? இன்னார் இன்னது கொடுத்தார் என்பதைத்தான். ஆனால் அந்தக் கல்லுக்கும் நம் ட்யூப்லைட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கல்லில் பெயரோடு சேர்த்துக் கணக்கும் வெட்டினார்கள்.

சோழர் காலத்தில் ஒருவர் கோயிலுக்கு அணையா விளக்கு ஏற்ற வேண்டுமானால் ஆடு கொடுப்பார். ஒரு விளக்குக்கு 90 ஆடு, சில இடங்களில் 96. அந்த மந்தையை ஓர் இடையர் பொறுப்பேற்பார். நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் அவர் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் குட்டிகளை வைத்து எண்ணிக்கையை அவர்தான் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அதற்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். என்ன கொடுக்கப்பட்டது, யார் கையில் இருக்கிறது, தினம் எவ்வளவு வரவேண்டும், எதற்குச் செலவாக வேண்டும் என்று எல்லாம் கல்லில் இருந்தது. படிக்கத் தெரிந்த எவரும் போய், இன்றைக்கு ஏன் நெய் குறைந்தது என்று கேட்கலாம். சில கல்வெட்டுகளின் முடிவில், இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவனுடைய பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவரே சொல்லியிருப்பார். பாருங்கள், கொடுத்தவர் தலை நிமிர்ந்து நிற்கவில்லை. தனக்குப் பிறகு வந்து கணக்குப் பார்க்கப் போகும் முகம் தெரியாத ஒருவரின் காலைத் தொடுகிறார்.

காஞ்சிபுரம் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்று ஓர் ஊர். அங்கே பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மாதவன் தாமயன் என்ற வைசியர் அங்கே கட்டிய ஜனநாத மண்டபத்தை அது குறிப்பிடுகிறது. அங்கேதான் பள்ளியும், மாணவர் விடுதியும், 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையும் நடந்தன. ஆதுலர் சாலை என்றால் ஆஸ்பத்திரி. மருத்துவர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் எத்தனை நெல், எத்தனை காசு என்று எழுதியிருக்கிறது. இருப்பில் என்னென்ன மருந்து இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஒரு வணிகர் கட்டிய கட்டடத்தில் நோயாளிக்குத் தலைமாட்டில் இரவு விளக்கு எரிய எண்ணெய் எங்கிருந்து வரும் என்பதுவரை ஊருக்குத் தெரிந்திருந்தது.

ஸ்ரீரங்கத்திலும் தன்வந்திரி சந்நிதியை ஒட்டி ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. ஹொய்சளர் காலத் தண்டநாயகர் ஒருவர் அமைத்தது. அது பாழான பிறகு கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. எனக்கு அதில் பிடித்த விஷயம், புதுப்பித்தவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டு பழையவர் பெயரைச் சுண்ணாம்பு பூசி மறைக்கவில்லை. முதலில் அமைத்தவரும் அதே கல்லில் இருக்கிறார். இன்றைக்கு ஒரு பஸ் நிழற்குடைக்குப் பெயின்ட் அடித்தால் பழைய உபயதாரர் பெயர் இருந்த இடம் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது வியாபாரிகளுக்கென்றே உள்ள ஒரு சொல்லுக்கு வருகிறேன். மகமை. இங்கே நரைத்த தலை உள்ளவர்களுக்கெல்லாம் அது தெரியும். மண்டிக் கடைப் பில்லில் தூக்குக் கூலி, சாக்கு, தரகு என்று வரிசையாக வந்து, கடைசியில் 'மகமை' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு, நூற்றுக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி. எந்தச் சர்க்காரும் கேட்கவில்லை. லாபமோ நஷ்டமோ, சரக்கு கை மாறினால் மகமை தனியாகப் போய்விடும்.

எவ்வளவு பழையது என்கிறீர்கள்? சிவகங்கைச் சீமையில் பிரான்மலை என்று ஒரு குன்று. அங்குள்ள கோயிலில் 13ஆம் நூற்றாண்டு வணிகர் கல்வெட்டு இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் கூட்டத்தார் சேர்ந்து, தங்கள் சரக்கில் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கோயிலுக்கு ஒதுக்கினார்கள். உப்பு, அரிசி, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம், இரும்பு, பஞ்சு, நூல், மெழுகு, தேன், சந்தனம், குதிரை, யானை. நம் பொன்மலைப்பட்டி மளிகைக் கடைப் பட்டியலைப் படித்தது போலிருக்கிறது. குதிரையும் யானையும்தான் இப்போது இருப்பில் இல்லை.

விருதுநகரில் நாடார் வணிகர்கள் இந்த மகமைப் பணத்தை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பினார்கள். கடைக்காரர் மகமை கொடுத்தார். வீட்டில் பெண்கள் தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். பிடி அரிசி என்றே அதற்குப் பெயர். அப்படி வளர்ந்த க்ஷத்திரிய வித்யாசாலையில் படித்த ஒரு பையன் ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு துணிக்கடைக்கு வேலைக்குப் போனான். அவன் பெயர் காமராஜ்.

அந்தப் பையன் முதலமைச்சரானபோது மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தார், 1956இல். அதை எல்லோரும் சொல்வார்கள். அதன் கணக்கை யாரும் சொல்வதில்லை. தொடக்கத்தில் அது ஊர் மக்கள் கொடுத்ததைக் கொண்டு நடந்தது. பிறகு அரசு பணம் போட்டபோது, ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று வைத்து, ஆறு பைசா அரசு, நான்கு பைசா ஊர் என்று பிரித்தார்கள். அந்த நான்கு பைசாவை யார் கொடுத்தார்கள்? மிராசுதார் கொடுத்திருப்பார், பள்ளிக் குழு கொடுத்திருக்கும். ஆனால் அரிசி மூட்டையும் புளியும் மிளகாயும் எங்கிருந்து இறங்கியிருக்கும் என்று யோசியுங்கள். கடைத்தெருவிலிருந்துதான். அதே காலத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சுவர், கிணறு என்று ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். என்ன தேவை என்ற பட்டியலைப் பள்ளிகள் முதலில் போட்டன. கொடுப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். இது சின்ன விஷயம் இல்லை. நாமோ இன்று தேவை நாற்காலியா பேனா என்று கேட்காமல் வருஷா வருஷம் நோட்டுப் புத்தகத்தையே கொண்டுபோய்க் கொட்டுகிறோம், அதன் அட்டையில் நம் கடைப் படம் நன்றாக விழும் என்பதால்.

திருச்சியிலும் பெயர் நிலைத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். ஜமால் முகமது கல்லூரியை எல்லோரும் 'ஜமால்' என்கிறோம். தோல் வியாபாரத்தில் பெயர் பெற்ற ஜமால் முகமது சாகிபும், நம் ஊர் காஜாமியான் ராவுத்தரும் சேர்ந்து 1951இல் உண்டாக்கியது. மறு வருஷமே அரியமங்கலத்தில் சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம். மின்சாரத் தொழிலில் வளர்ந்த சேஷசாயி சகோதரர்கள் தொடங்கியது. இன்று அது ஒரு பஸ் ஸ்டாப், 'எஸ்.ஐ.டி. இறங்கு' என்று கண்டக்டர் கத்துகிறார். டிப்ளமா முடித்து, நம் ரயில்வே பணிமனையிலும் பெல் தொழிற்சாலையிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள். ஒரு பெயருக்கு அதைவிடப் பெரிய பொன்னாடை எங்கே விற்கிறது?

ஆனால் அவர்களெல்லாம் பெரிய கை. நான் சின்னக் கையைப் பற்றிப் பேச வேண்டும். என் சொந்தக் கதை ஒன்று சொல்ல அனுமதியுங்கள்.

1974 மே 8. ரயில்வே வேலைநிறுத்தம். நாடு முழுக்க இருபது நாள். பொன்மலையில் அது என்னவாக இருந்தது என்று அந்தக் காலத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை இங்கே வந்த நாள் முதலே இந்த ஊருக்குச் சங்கு ஊதினால்தான் பொழுது விடியும். 1946 செப்டம்பர் 5 துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஐந்து தொழிலாளர்களை இன்றும் வருஷம் தவறாமல் நினைக்கிற ஊர் இது. பெயர்களை மறக்கிற ஊர் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் 1974இல் சம்பளம் நின்றது. என் அப்பா பணிமனையில் ஃபிட்டர். வீட்டில் நாங்கள் ஐந்து பேர்.

நாங்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீள நோட்டு உண்டு. பற்று நோட்டு. சம்பள நாளில் தீர்ப்பது வழக்கம். அந்த மாதம் சம்பளம் இல்லை. அடுத்த மாதம் அப்பாவுக்கு வேலையே இருக்குமா என்று தெரியவில்லை. நான்தான் பை தூக்கிக்கொண்டு போவேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி, பென்சிலால் எழுதுவார். துவரம்பருப்பு அரைக் கிலோ, நல்லெண்ணெய் நூறு. ஒருநாள் நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது, இதோடு நிறுத்திவிடுவாரோ என்று. அவர் ஊசியும் சணலும் எடுத்து இன்னும் பத்துத் தாளை வைத்துத் தைத்தார். தைத்துக்கொண்டே, 'அப்பா சாப்பிட்டாராடா?' என்றார்.

பின்னால் பெரியவனான பிறகுதான் எனக்கு மறுபாதி புரிந்தது. பொன்மலையில் நூறு வீடு பாக்கி வைத்தால் அந்த மளிகைக் கடைக்காரர் காந்தி மார்க்கெட் மண்டியில் பாக்கி வைப்பார். மண்டிக்காரர் பொறுத்தால்தான் இவர் பொறுக்க முடியும். ஆக, அந்த இருபது நாளும் அதற்குப் பின்னால் வந்த மாதங்களும் எங்கள் வீட்டு உலையை எரியவிட்டது ஒரு கடை அல்ல, எங்களை முகம் பார்த்தே அறியாத ஒரு கடைத்தெரு. அப்பா கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். வட்டி என்று ஒரு பைசா நோட்டில் ஏறவில்லை.

இதை நீங்கள் எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்? இது நன்கொடை இல்லை, பணம் திரும்பி வந்துவிட்டது. வருமான வரிச் சலுகை கிடைக்காது. கம்பெனிச் சட்டம் 2013, ஆண்டுக்கு ஐந்து கோடிக்குமேல் நிகர லாபம் பார்க்கிற கம்பெனி போன்றவை சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கிலும் இது வராது. தர்மம் என்று யாரும் சொல்லவில்லை. நோட்டில் கடன் என்றுதான் இருந்தது. கடன் என்று இருந்ததால்தான் என் அப்பா அந்தக் கடை வாசலில் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

இதற்கு நேர் எதிராக ஒன்றும் நடந்தது. பெயர் வேண்டாம். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கடை ஆண்டு விழாவில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி கொடுத்தார்கள். மேடையில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒரு துணியை ஏழு பெரிய மனிதர்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள், எட்டாவது கை என்னுடையது. போட்டோக்காரர் 'தம்பி, இங்கே பாரு, சிரி' என்றார். சிரித்தேன். அந்தத் துணியில் தைத்த சட்டையை நான் தெருவில் போட்டதே இல்லை. துணி நல்ல துணிதான்.

ஆகவே விழாக் குழுவுக்கு என் வேண்டுகோள், பிள்ளைகளை மேடையில் ஏற்றாதீர்கள். கொடுத்தவரை ஏற்றுங்கள், வாங்கியவரை விட்டுவிடுங்கள். பள்ளிக்குக் கொடுத்திருந்தால் தலைமையாசிரியர் வரட்டும், நூலகத்துக்கென்றால் நூலகர் வரட்டும். வந்து, நாற்காலி வந்த பிறகு சாயங்காலம் எத்தனை பேர் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று சொல்லட்டும். கடைக்காரருக்குக் கேட்க ஆசையாக இருப்பதும் அதுதான். ஷீல்டு வீட்டு ஷோகேஸில் ஏற்கெனவே இடம் இல்லாமல் கிடக்கிறது.

நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. பெரிய கடைகளில் துணி எடுத்துக் காட்டும் பெண் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்தார்கள். 2021இல் தமிழ்நாடு சட்டசபை கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்றது. இனிமேல் ஒரு கடையைப் பாராட்டுவதாக இருந்தால், பட்டியல் தயாரிப்பவர் முதலில் உள்ளே போய் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரட்டும். ஊருக்கெல்லாம் மோர் ஊற்றிவிட்டு உள்ளே வேலை செய்கிற பிள்ளைக்குக் கால் வீங்குகிறது என்றால் அந்தப் பொன்னாடையை நான் போர்த்த மாட்டேன். முன்வரிசையில் சிலர் நெளிகிறீர்கள். நாளைக்கே வாங்கிப் போட்டுவிடுங்கள், பிளாஸ்டிக் ஸ்டூல் என்ன விலை என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. தொகையைப் பார்க்காதீர்கள், வருஷத்தைப் பாருங்கள். விழா மேடையில் ஒரே நாளில் ஒரு லட்சம் அறிவிப்பவரைவிட, மாதம் ஐந்நூறு ரூபாய் பன்னிரண்டு வருஷமாக நிறுத்தாமல் கொடுக்கிறவர் அபூர்வம். மகமையின் ரகசியமே அதுதான். பிடி அரிசியை ஒருநாள் மூட்டையாகக் கொடுத்துவிட்டு மறந்திருந்தால் விருதுநகரில் பள்ளிக்கூடம் நின்றிருக்காது. அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று தொடங்கியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பள்ளிக்குக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் தெருமுனைக் கடைக்காரருக்கு இன்னும் நெருக்கமாக ஒன்று வேண்டும்.

என் யோசனை இதுதான். ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினம். அன்று மாநாட்டுக்குப் போகிறவர்கள் போகட்டும். அதற்கு முந்தைய வாரம் ஒரு மாலை, இதே இடத்தில், பேச்சாளர் யாரும் இல்லாமல், கணக்கு வாசிப்போம். பொன்மலை வட்டாரக் கடைகள் அந்த வருஷம் பள்ளிக்கு, நூலகத்துக்கு, சாவு வீட்டுக்கு, பந்தலுக்கு என்ன கொடுத்தன, அது என்ன ஆயிற்று. ஃப்ரீசர் பெட்டி எத்தனை வீட்டுக்குப் போனது, ரிப்பேர் செலவு யார் ஏற்றார். பாதியில் நின்றுபோனது எது, ஏன் நின்றது. பெயர் சொல்லலாம் என்றவர் பெயரைச் சொல்வோம். வேண்டாம் என்றவருக்கு 'ஒரு கடை' என்று போதும். இந்த ஊரில் எந்தக் கடை என்று எப்படியும் தெரிந்துவிடும். பிறகு அந்தக் கணக்கை நூலக வாசலில் ஒரு பலகையில் எழுதி வைப்போம். பழைய வருஷத்துப் பெயரை அழிக்காமல், அதற்குக் கீழே.

பற்று நோட்டை மட்டும் எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எங்கள் மளிகைக்காரர் இருந்திருந்தால், 'அதையெல்லாம் எதுக்குப்பா மைக்கில் சொல்றே' என்று திட்டியிருப்பார். கொரோனா சமயத்தில், 2020இல், எத்தனை கடையில் எத்தனை நோட்டு தைக்கப்பட்டது என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குத் தெரியும். சிலது இன்னும் தீரவில்லை என்றும் தெரியும். பாக்கி வைத்தவரும் கொடுத்தவரும் இப்போது பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்கூட இருக்கலாம். திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பேச்சை இங்கே நிறுத்துகிறேன், பின்னால் டீ வந்துவிட்டது. ஆறிவிடும். வடை சூடாக இருக்கிறது என்கிறார்கள். இந்த டீயும் வடையும் யாருடைய உபயம் என்று அறிவிக்கலாமா என்று கேட்டுக் கீழேயிருந்து எனக்கு ஒரு சீட்டு வந்தது. கேட்டு அனுப்பினேன். வேண்டாமாம். டம்ளரை மட்டும் எண்ணித் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்.